பழி பையன் மேலா?

சென்ற மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் நடந்த இடம் என் அண்ணன் வீட்டுக் கூடம். ஆஜரானவர்கள் பதினொரு பேர். அண்ணனுடைய அறுபதாம் கல்யாணத்தைப் படம் பிடித்துப் பாழாக்கிய பையனிடமிருந்து 10,000 ரூபாய் வசூல் செய்வது என்பதே தீர்மானம். ஆதரவு பத்து, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று நான்.

"கதை எழுதுகிறவன் வேறு எப்படிப் பேசுவான்?" என்றார் என் மைத்துனர். அவர் பாங்கியில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பது அவருடைய நெடுநாளைய அபிப்பிராயம். ஆகையால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போட்டோக் கடைக்காரர் முதலில் கேட்டது 60,000 ரூபாய். இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் சடங்குகளை எடுப்பார், இன்னொருவர் வந்திருப்பவர்களை எடுப்பார் என்று அவர் சொன்னார். "இரண்டு பேர் எதற்கு? இது என்ன சினிமாவா?" என்று மைத்துனர் பேரம் பேசி 45,000-க்கு முடித்தார். பதினைந்தாயிரம் மிச்சம் பிடித்ததற்காக அன்று வீட்டில் அவருக்குப் பலத்த பாராட்டு. நானும் பாராட்டினேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பூ அலங்காரத்துக்கு 70,000 ரூபாய் ஆயிற்று. அதில் யாரும் பேரம் பேசவில்லை. அந்தப் பூவை மறுநாள் மத்தியானம் மாடு தின்றது.

அந்த 45,000 ரூபாயில் பையனுடைய பங்கு என்ன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நாள் கூலி 1,200 ரூபாய். பஸ் சார்ஜ் தனி. மிச்சமெல்லாம் கடைக்காரருக்கு. அவர் அன்று எங்கே இருந்தார்? அதே முகூர்த்தத்தில் வேறோர் ஊரில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில் இருந்தார். எங்களுக்கு அனுப்பியது கடையில் ஏழு மாதம் விளக்குத் தூக்கிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையனை.

நாகஸ்வரத்துக்கு அச்சாரம் கொடுக்கிறோம். முகூர்த்தத்தன்று தாளம் போடுகிற பையனை மட்டும் அனுப்பிவிட்டு வித்வான் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டால் சும்மா இருப்போமா? சமையலுக்குப் பேசியவர் காய் நறுக்குகிற பையனை மட்டும் ஒரு கரண்டியுடன் அனுப்பினால் பொறுப்போமா? அப்போது நாம் யாரைப் பிடிப்போம்? வித்வானையும் தவசிப்பிள்ளையையும்தானே? தாளக்காரப் பையனிடம் அபராதம் கேட்கிறவனை ஊர் பைத்தியம் என்று சொல்லும். போட்டோ விஷயத்தில் மட்டும் அந்த நியாயம் தலைகீழாகிறது. நாகஸ்வரம் பிசகினால் இரண்டாவது நிமிஷத்திலேயே காது சொல்லிவிடும். சாம்பாரில் உப்பில்லாவிட்டால் முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். போட்டோ மௌனமான தொழில். தப்பு நடந்தது மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் கடைக்காரர் முகம் மறந்துவிடுகிறது. காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த பையனின் முகம் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

பையன் எடுத்த படங்கள் நன்றாக இருந்தன என்று நான் வாதாட வரவில்லை. மோசமாகத்தான் இருந்தன. ஆனால் அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தினோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இடம் திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த சுவாமி இருக்கிற ஊர். ஆகையால் அறுபதும் எண்பதும் நிறைந்தவர்கள் எங்கெங்கிருந்தோ அங்கே வந்து ஆயுள் விருத்திக்குச் சடங்கு செய்துகொள்கிறார்கள். முகூர்த்த நாளானால் பிராகாரத்தில் தூணுக்குத் தூண் ஒரு தம்பதி, ஒரு ஹோமம், ஒரு கூட்டம். எல்லார் கழுத்திலும் ஒரே மாதிரி மாலை. எல்லாத் தலையிலும் நரை. அந்தக் கூட்டத்தில் என் அண்ணனை எனக்கே ஒரு தடவை அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு கோயமுத்தூர்க்காரர் காலில் விழப் பார்த்தேன்.

வெளிச்சத்தின் கதை அதைவிட மோசம். ஒரு பக்கம் கல் மண்டபத்தின் இருட்டு, மறு பக்கம் கண்ணைக் கூசுகிற வைகாசி வெயில். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவரின் முகம் காமிராவில் கரிக்கட்டையாகத்தான் விழும். நடுவில் ஹோமப் புகை. பிளாஷைத் தட்டினால் அந்த வெளிச்சம் புகையிலே பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் பால் கொட்டினாற்போல் ஆகிவிடும். கலச தீர்த்தத்தைத் தம்பதியின் தலையில் கொட்டுகிற கணம் காத்திருந்து நிற்பதில்லை. ஷட்டரை மெதுவாக வைத்தால் தண்ணீரோடு முகமும் கலங்கிப்போகும். வேகமாக வைத்தால் அந்த இருட்டுக்கு வெளிச்சம் பற்றாது. இருட்டில் காமிரா தானாகப் பார்வையைத் தேடித் தவித்து, முகத்தை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் தூணைத் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும். எங்களிடம் சில தூண்களின் படம் மிக அருமையாக இருக்கிறது. பழகின கை இதையெல்லாம் சமாளிக்கும். முந்தின நாளே வந்து இடத்தைப் பார்க்கும். புகை எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கும். இதையெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக் கொடுத்தால்தான் பையன் கற்றுக்கொள்ள முடியும். அந்த ஒருவரைத்தான் நாங்கள் பேரம் பேசிக் கழித்துவிட்டோமே!

இருட்டையும் புகையையும்விடப் பெரிய இடைஞ்சல் நாங்கள். "தம்பி, இங்கே வா" என்று ஒருவர் கூப்பிடுவார். அவன் ஓடுவான். பாதி வழியில் இன்னொருவர், "அதை விடப்பா, இவர்களை எடு" என்பார். திரும்பி ஓடுவான். அனுபவமுள்ள போட்டோக்காரர் நம்மை அதட்டுவார். சாஸ்திரிகளையே ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்துவிடுவார். அதற்கு நாம் கட்டுப்படுகிறோம். இந்தப் பையனோ எல்லாருக்கும் கட்டுப்பட்டான். நாற்பது பேருடைய உத்தரவை ஒரே சமயத்தில் நிறைவேற்றுகிறவன் என்ன செய்வான்? யார் முன்னால் வந்து நிற்கிறார்களோ அவர்களை எடுப்பான். அப்படித்தான் எடுத்தான். பென் டிரைவில் 1,842 படங்கள். அவற்றில் அறுபத்து மூன்று எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு குடும்பம். கிருதா மீசையுடன் ஒரு பெரியவர் பதினோரு படங்களில் கம்பீரமாக நிற்கிறார். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசிப் பந்தியில் பையனுக்கு ஓர் இலை போட்டார்கள். பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

இவ்வளவு இருந்தும் ஐந்து மாதத்துக்கு யாருக்கும் கோபம் வரவில்லை. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக் கொடுங்கள் என்று கடைக்காரர் நாலு தடவை டெலிபோன் செய்தார். யாருக்கும் ஒழியவில்லை. முதல் நூறு படங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணிக்குப் புடவை எடுப்பாக இருக்கிறது" என்று பேசிக் கலைந்தோம்.

கார்த்திகையில் அத்தை இறந்துபோனாள்.

என் தகப்பனாரின் தங்கை. வயது எண்பத்தாறு. பத்தொன்பது வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அண்ணனையும் என்னையும் எடுத்து வளர்த்தவள் அவள்தான். எங்கள் அம்மாவுக்கு ஆஸ்துமா. மழைக்காலம் முழுவதும் படுக்கை. எனக்குப் பேன் பார்த்ததும், பள்ளிக்கூடத்துக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்ததும், முதல் கதை பத்திரிகையில் வந்தபோது எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஏண்டா, இதில் வருகிற பெண் ஏன் இப்படி அழுதுகொண்டே இருக்கிறாள்? வேலை ஒன்றும் கிடையாதா அவளுக்கு?" என்று கேட்டதும் அவள்தான். அதைவிடச் சரியான விமர்சனம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும். அப்போதுதான் எல்லாரும் பென் டிரைவைத் தேடினோம். 1,842 படங்களையும் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து பார்த்தோம். அத்தை இல்லை. ஒரே ஒரு படத்தில், ஓரத்தில், ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கைத்தடியும் வெளுத்த சுங்குடிப் புடவையின் தலைப்பும் தெரிகின்றன. கடைசியில் ஆதார் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். ஆதார் அட்டையில் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரவில்தான் குடும்பத்துக்குக் கோபம் வந்தது. பையன்மேல் வந்தது.

மைத்துனர் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். பேசட்டும், நல்ல சட்டம்தான். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு சேவை செய்வதாக ஒப்புக்கொண்டவர் பதில் சொல்ல வேண்டும் என்பதுதானே அந்தச் சட்டத்தின் சாரம்? ஒப்புக்கொண்டவர் கடைக்காரர். பையனுக்கும் நமக்கும் என்ன ஒப்பந்தம்? இதைச் சொன்னபோது, "கடைக்காரர் பழகின மனுஷர், வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார்" என்றார்கள். மன்னிப்போடு ஒரு யோசனையையும் அவர் கொண்டுவந்திருந்தார். பாக்கியில் பத்தாயிரம் குறைத்துக்கொள்வார். அதைப் பையனிடமிருந்து மாதத் தவணையில் பிடித்துக்கொள்வார். இரு தரப்புக்கும் திருப்தி. காப்பி வந்தது. நஷ்டம் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். எழுதுகிறவர்களுக்கு அது அவ்வப்போது வேண்டியிருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு முதல் உரிமையாளர் எடுத்தவர் அல்ல, பணம் கொடுத்தவர்தான் என்று அது சொல்கிறது. அதாவது, படம் நன்றாக வந்தால் அது என் அண்ணனுடையது. கெட்டுப்போனால் மட்டும் பையனுடையதா?

"அனுபவமில்லாதவன் ஏன் இந்த வேலைக்கு வர வேண்டும்? கற்றுக்கொள்ள நம் வீட்டு விசேஷம்தானா கிடைத்தது?" என்று அண்ணி கேட்டாள். நியாயமான கேள்வி. அத்தையிடம் அண்ணிக்கும் பிரியம் உண்டு. கடைசி இரண்டு மாதம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எங்கள் பெற்றோரின் கல்யாணப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கல்யாணம் 1959-ல். படம் எடுத்தவர் கும்பகோணத்திலிருந்து வந்தவர். அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் பேர் பெற்ற போட்டோக்காரர். மார்புக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் காமிரா. ஒரு ரோலுக்குச் சதுரமான படம் பன்னிரண்டு, அதற்குமேல் இல்லை. ஒவ்வொன்றும் காசு. ஆகவே ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் அமுக்குவார்கள். பன்னிரண்டும் இன்றைக்கும் கண்ணாடிபோல் இருக்கின்றன. அம்மாவின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். பந்தலுக்கு வெளியே எடுத்த குரூப் போட்டோவில் முப்பத்து நாலு பேர். ஊர் மணியக்காரர்கூட இருக்கிறார்.

அத்தை இல்லை. அவளுக்கு அப்போது வயது இருபது. அன்றைக்குக் கொல்லைக் கட்டில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததாக அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. எத்தனை பூசணிக்காய் என்று கணக்குச் சொன்னாள்.

கைதேர்ந்தவர் எடுத்த பன்னிரண்டிலும் அவள் இல்லை. கற்றுக்குட்டி எடுத்த 1,842-லும் அவள் இல்லை. அப்படியானால் குற்றம் அனுபவத்திலா இருக்கிறது? தாலியிழந்தவள் மங்கள காரியத்தில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று அறுபது வருஷத்துக்கு மேலாக அவளுக்குப் பழக்கிவிட்டோம். இப்போது அப்படியெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். பார்ப்பதில்லைதான். ஆனால் அவள் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது, "இங்கே வா அத்தை" என்று ஒருவராவது கையைப் பிடித்து இழுத்தோமா? முன்னால் தள்ளி நிறுத்தப்பட்டவர்களைத்தான் காமிரா எடுக்கும். தள்ளி நிறுத்துகிற வேலை போட்டோக்காரனுடையது அல்ல.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு நான் காப்பி டம்ளருடன் நிற்கும்போது பையன் என்னிடம் வந்தான். காமிரா வாரைக் கழுத்தில் சரிப்படுத்தியபடி, "சார், உங்க வீட்டுல முக்கியமானவங்க யார் யாருன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். "எல்லாரும் முக்கியமானவங்கதாம்ப்பா, எடு" என்றேன். சமத்காரமாகப் பதில் சொல்லிவிட்டதாக ஒரு திருப்திகூட ஏற்பட்டது. அனுபவமே இல்லாத அந்தப் பையன் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைச் சரியாகக் கேட்டான். நாற்பது வருஷமாக மனிதர்களைக் கவனித்து எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிற நான் அதைத் தட்டிக் கழித்தேன். அப்போதே அவனுடன் நடந்து, "இவள் எங்கள் அத்தை, முதலில் இவளை எடு. இளவெயில் இருக்கிறது, வாசலில் நாற்காலி போட்டு எடு" என்று சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஹோமம் ஏழரைக்குத்தான். புகை இல்லை, கூட்டம் இல்லை. கற்றுக்குட்டியானாலும் அந்த வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுத்திருப்பான்.

வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறவர்கள் இதை யோசிக்கலாம். போட்டோக்காரர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் அவருக்கு உங்கள் சித்தியைத் தெரியாது. குடும்பத்தில் ஓர் ஆளை, கல்யாண வேலை வேறொன்றும் இல்லாத ஓர் ஆளை, நாள் முழுவதும் அவருடன் விடுங்கள். உத்தரவு போடுகிற வாய் அந்த ஒருவருடையதாக இருக்கட்டும். தள்ளாதவர்களைக் காலையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருக்கும் இரண்டாவது பந்தியிலாவது ஓர் இலை போடுங்கள். பேரம் பேசும்போது எதைக் கழிக்கிறோம் என்று கேட்டுக் கழியுங்கள்; வருகிறவர் யார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: பையனை அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். தெரிந்தவர் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் அனுப்புங்கள். அவன் பேரில் பணம் வாங்கி அவனையே பலி கொடுக்காதீர்கள்.

தீர்மானம் நிறைவேறிய பத்தாம் நாள் அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான். அண்ணன் வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு இங்கே வந்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்து 2,000 ரூபாய் எடுத்து நீட்டி, "முதல் தவணை சார். கடையிலே பிடிச்சுக்கிட்டா மொத்தமா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களோன்னு நேரா கொண்டாந்துட்டேன்" என்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அன்றுதான் முதல் தடவையாகத் தனியாகக் காமிராவைத் தொட்டானாம். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் முதலாளி சொன்னாராம்.

போகும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அந்தப் பாட்டியை நான் எடுக்கப் போனேன் சார். தூணுகிட்ட உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. எடுக்கலாம்னு காமிராவைத் தூக்கினேன். ஒரு அம்மா வந்து, 'அவங்களை அப்புறம் எடுக்கலாம், மொதல்ல தாலி கட்டுறதை எடு'ன்னு இழுத்துக்கிட்டுப் போனாங்க."

"யார் அந்த அம்மா?"

"தெரியலை சார். பச்சைப் பட்டுப் புடவை."

அன்று எங்கள் வீட்டில் பச்சைப் பட்டு உடுத்தியவர்கள் நான்கு பேர். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. நான் விசாரிக்கவில்லை. காமிராவைக் காட்டிச் சிரித்த அத்தையை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

அவனுடைய 2,000 ரூபாயை அவன் பையிலேயே வைத்து அனுப்பினேன். பத்தாயிரத்தைப் பிடித்தம் செய்வதானால் கடைக்காரர் தம்முடைய லாபத்தில் பிடித்துக்கொள்ளட்டும் என்றும், பையனிடமிருந்து ஒரு காசு போனாலும் நானே அவனுக்காக நுகர்வோர் ஆணையத்துக்கோ வேறு எங்கேயோ படி ஏறுவேன் என்றும் கடைக்காரருக்கு எழுதினேன். ஏறுவேனோ இல்லையோ, எழுதிவிட்டேன். அண்ணன் வீட்டிலிருந்து அதற்குப் பிறகு டெலிபோன் வரவில்லை. மைத்துனர் தெருவில் பார்த்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மாசி மாதம் என் பேத்திக்குக் காது குத்து. அந்தப் பையனையே வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் வேறு கடையில் இருக்கிறான். அந்தக் கடையில் பழகின ஆள் ஒருவரும் கூட வருவார். இரண்டு பேருக்கும் பணம் பேசியாகிவிட்டது. யாரை யாரை எடுக்க வேண்டும் என்று பெயர்கள் எழுத ஆரம்பித்திருக்கிறேன். என் மனைவியின் பெரியம்மா ஒருத்தி வலங்கைமானில் இருக்கிறாள். பெரியப்பா போனதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் அவள் வந்ததில்லை. அவளை அழைத்து வர நானே போவதாகச் சொன்னேன். என் மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் வருகிறேன்" என்றாள்.